காவல் தலைவருக்கு ஏன் கல்லூரி?

மலாய் மொழியில் 'மாத்தா' என்றால் கண். அச்சொல்லை இரட்டித்து 'மாத்தா-மாத்தா' என்று காவல்காரரைக் குறிப்பிடுவது இந்த வட்டாரத்தின் பழைய வழக்கம். நம் பெரியவர்களும் அதைத் தமிழ்ச் சொல் போலவே வழங்கினார்கள். பொருத்தமான பெயர்தான். ஊர் உறங்கும்போது ஊருக்காக விழித்திருக்கும் கண் காவலர். ஆயினும் கண் இருந்தால் மட்டும் போதுமா? எதைப் பார்ப்பது, பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்பதற்கு அறிவுக் கண்ணும் வேண்டுமல்லவா?

நோயாளியின் உடலில் கத்தி வைப்பவர் பல ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். வழக்காடுபவர் சட்டம் பயின்றிருக்க வேண்டும் என்கிறோம். ஆனால் ஒரு மனிதனைக் கைது செய்வதா, எச்சரித்து அனுப்புவதா என்று நள்ளிரவில் தெருவில் நின்று தீர்மானிப்பவர் என்ன படித்திருக்க வேண்டும்? அவருக்குக் கட்டளையிடும் தலைவர் என்ன படித்திருக்க வேண்டும்? சிறைச்சாலையை நடத்துபவர் என்ன கற்றிருக்க வேண்டும்? இன்று பல நாடுகளின் பல்கலைக்கழகங்களில் குற்றவியலும் நீதி நிர்வாகமும் முதுகலைப் பட்டம் வரை கற்பிக்கப்படுகின்றன. இத்துறைகளில் தலைமைப் பொறுப்பை நாடுவோர் அவற்றைப் பயில்கிறார்கள். இந்தக் கல்வி எப்படித் தோன்றியது, அதனால் விளைந்தது என்ன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இந்த வரலாறு ஒரு தபால்காரரிடமிருந்து தொடங்குகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி என்றொரு நகரம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கீழ்க்கரையில், பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. அங்கே தபால் பட்டுவாடா செய்து வந்தவர் ஆகஸ்ட் வோல்மர். 1876ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில், ஜெர்மானியக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பைத் தொடக்க நிலையிலேயே நிறுத்திக்கொண்டவர். 1898ஆம் ஆண்டுப் போரில் படைவீரராக நமது அண்டை நாடான பிலிப்பைன்சுக்கு வந்து சென்றவர். 1904ஆம் ஆண்டில் ஒரு நாள், கட்டுப்பாடு இழந்த சரக்கு வண்டியொன்று தண்டவாளத்தில் தானே உருண்டு, பயணிகள் இருந்த ரயிலை நோக்கி விரைந்தது. வோல்மர் அதில் தாவி ஏறி, தடையை இறுக்கி நிறுத்தினார். ஊர் அவரைக் கொண்டாடியது. மறு ஆண்டே நகரின் காவல் பொறுப்பாளராகத் தேர்தலில் வென்றார். 1909இல் பெர்க்லியின் முதல் காவல் தலைவராக நியமிக்கப்பட்டார்.

அக்கால அமெரிக்க நகரங்களில் காவல் வேலை எப்படிக் கிடைத்தது என்பதை அறிந்தால்தான் அவர் செய்ததன் அருமை விளங்கும். வெற்றி பெற்ற கட்சிக்காரர்கள் தமக்கு வேண்டியவர்களுக்கு வேலை கொடுத்தார்கள். பருத்த உடலும் பரிந்துரையும் இருந்தால் போதும். சீருடையையும் கைத்தடியையும் கொடுத்துத் தெருவுக்கு அனுப்பிவிடுவார்கள். மற்றதைத் தெருவிலேயே கற்றுக்கொள்ள வேண்டியதுதான். பிடிபட்டவனை அடித்தும் அச்சுறுத்தியும் வாக்குமூலம் வாங்குவது பல நகரங்களில் வாடிக்கையாகவே இருந்தது.

வோல்மர் தம் காவலர்களைச் சைக்கிளில் ஏற்றினார். பின்னர் மோட்டார் வண்டிகளிலும் ஏற்றினார். குற்றவாளிகள் கையாளும் முறைகளைப் பதிவேடுகளாகத் தொகுத்தார். ஆஸ்திரிய நாட்டு நீதித்துறை அறிஞர் ஹான்ஸ் குரோஸ் குற்றப் புலனாய்வு பற்றி எழுதிய நூல்களைத் தேடிப் படித்தார். பள்ளிப் படிப்பை முடிக்காதவருக்கு நூல்களின் மேல் தணியாத தாகம் இருந்தது. பக்கத்திலேயே பல்கலைக்கழகம். அங்கே மனித உடலை அறிந்தவர்கள் இருந்தார்கள். மனத்தை ஆராய்ந்தவர்கள் இருந்தார்கள். சட்டம் கற்றவர்கள் இருந்தார்கள். இவர்களுடைய அறிவு நம் காவல் நிலையத்துக்கு ஏன் வரக்கூடாது என்று அவர் கேட்டார். 1908இல் தம் துறைக்குள்ளேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1916ஆம் ஆண்டில் சட்டப் பேராசிரியர் அலெக்சாண்டர் கிட் என்பவரின் துணையுடன், பல்கலைக்கழகத்தின் கோடைக்காலப் பாடங்களில் காவல் கல்வியும் இடம்பெறச் செய்தார். காவலர் பணி ஒரு பல்கலைக்கழகத்தின் படியேறியது அப்போதுதான் எனலாம்.

1919இல் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார். கல்லூரி மாணவர்களே காவல் வேலைக்கு வாருங்கள் என்று மாணவர் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். பகலில் வகுப்பு, இரவில் ரோந்து! மற்ற ஊர்க் காவலர்கள் இவர்களைக் 'கல்லூரிக் காவலர்' என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலிக்கு ஆளானவர்களில் இருவரை மட்டும் இங்கே அறிமுகப்படுத்துகிறேன்.

ஒருவர் வால்டர் கோர்டன் என்னும் கறுப்பின இளைஞர். கால்பந்தாட்டத்தில் நாடறிந்தவர். 1919இல் பெர்க்லிக் காவல் துறையில் சேர்ந்தார். அங்குச் சேர்ந்த முதல் கறுப்பினக் காவலர் அவரே. காவல் பணியோடு படித்து 1922இல் சட்டப் பட்டமும் பெற்றார். கறுப்பினத்தவர் ஒருவர் சட்டை பிடித்துக் கைது செய்வதையே பலரும் பொறுத்துக்கொள்ளாத காலம் அது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பின்னாளில் கைதிகளின் தண்டனைக் காலத்தையும் பரோல் விடுதலையையும் தீர்மானிக்கும் கலிபோர்னிய மாநிலக் குழுவில் அமர்ந்தார். 1955இல் அமெரிக்க வெர்ஜின் தீவுகளின் ஆளுநரானார். அதன் பிறகு அத்தீவுகளிலேயே நீதிபதியாகவும் அமர்ந்தார். தெருக் காவல், சிறை, ஆட்சி, நீதிமன்றம் ஆகிய நான்கையும் ஒருவரே உள்ளிருந்து பார்த்தார். இத்துறையில் தலைமைக்கான கல்வி என்பதன் பொருளை அவர் வாழ்க்கையே சொல்லும்.

மற்றவர் ஜான் லார்சன். உடலியலில் டாக்டர் பட்டம் பெற்றுக் காவல் பணிக்கு வந்தவர். 1921இல் மூச்சு, நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் மாற்றத்தைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை அமைத்தார். பொய் கண்டறியும் கருவி என்று உலகம் அதற்குப் பெயரிட்டது. அடித்து உண்மையை வாங்குவதைவிட அறிவியலால் வாங்கலாம் என்பது வோல்மரின் நம்பிக்கை. எண்ணம் நல்லதுதான், ஆனால் கருவி அளந்தது மனக் கலக்கத்தையே அன்றிப் பொய்யை அன்று. குற்றமற்றவனும் கலங்குவான், கைதேர்ந்த கள்வன் கலங்காதிருப்பான். அறிவியல் என்ற பெயர் தாங்கி வருவதெல்லாம் மெய்யாகிவிடாது என்ற பாடத்தை, அறிவியலைக் காவலுக்குள் கொண்டுவந்த அதே ஊரே கற்க நேர்ந்தது.

வோல்மரைக் குறையற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. பிலிப்பைன்ஸ் போரில் கண்ட படைத்துறை முறைகளை அவர் நகரக் காவலில் புகுத்தினார் என்று பிற்கால ஆய்வாளர்கள் குறை கூறுகிறார்கள். அதை மறுப்பதற்கில்லை. எனினும் அதே மனிதர் மரண தண்டனையை எதிர்த்தார். போதைப் பழக்கம் காவலர் தீர்க்கக்கூடிய சிக்கல் அன்று, மருத்துவர் கவனிக்க வேண்டியது என்று 1936இலேயே எழுதினார். கல்வி அவரைத் தம் தொழிலின் எல்லையை உணர வைத்தது.

1929இல் சிக்காகோ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் பேராசிரியரானார்! 1931இல் வெளிவந்த விக்கர்ஷம் ஆணைக்குழுவின் காவல் துறை பற்றிய அறிக்கையைத் தயாரித்தவரும் அவரே. அதே குழுவின் வேறோர் அறிக்கை, காவலர்களே சட்டத்தை மீறிச் சித்திரவதை செய்வதை நாட்டுக்கு அம்பலப்படுத்தியது. அறியாமையும் அடியும் உடன்பிறப்புகள் என்பதை இரண்டு அறிக்கைகளையும் சேர்த்துப் படித்தவர்கள் உணர்ந்தார்கள்.

அதே காலத்தில் பிரிட்டன் வேறொரு வழியை முயன்றது. லண்டன் காவல் ஆணையர் டிரென்சார்டு பிரபு 1934இல் ஹெண்டன் என்னுமிடத்தில் ஒரு கல்லூரியைத் திறந்தார். வருங்காலத் தலைவர்களைத் தனியே பொறுக்கி எடுத்துப் பயிற்றுவிப்பது அதன் நோக்கம். அடிநிலைக் காவலர்கள் கொதித்தார்கள். 'படைத்துறையைப் போல மேல் வகுப்பு அதிகாரிகள் என்று ஒரு கூட்டத்தை உண்டாக்கப் பார்க்கிறார்கள். தெருவில் மழையில் நனைந்தவனுக்கு இனி உயர்வு ஏது?' என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். 1939இல் போர் வந்தபோது கல்லூரி மூடப்பட்டது. ஆயினும் அதன் முதல் மாணவர்களுள் ஒருவரான ஜோசப் சிம்சன், சாதாரணக் காவலராகச் சேர்ந்தவர், 1958இல் லண்டன் காவல் ஆணையரானார். அனுபவமா, படிப்பா என்று பிரித்துக் கேட்பதே பிழை. இரண்டும் ஒருவரிடம் கூட வேண்டும் என்பதற்கு அவர் சான்று. 1959இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் குற்றவியல் கழகம் ஒன்றை நிறுவியது. போலந்து நாட்டில் பிறந்த லியோன் ராட்சினோவிச் அதன் முதல் இயக்குநர்.

மீண்டும் பெர்க்லிக்கு வருவோம். 1950இல் அங்குள்ள பல்கலைக்கழகம் குற்றவியலுக்கெனத் தனிப் பள்ளியையே அமைத்தது. அதன் முதல் தலைவர் ஓ. டபிள்யூ. வில்சன். இவரும் வோல்மரின் கல்லூரிக் காவலர்களில் ஒருவர். 1921இல் மாணவராக இருந்தபோதே சீருடை அணிந்தவர். பின்னர் விச்சிட்டா நகரின் காவல் தலைவராகப் பதினோர் ஆண்டுகள் இருந்தவர். 1960இல் சிக்காகோ நகரில் ஒரு பெரும் ஊழல் வெடித்தது. காவலர்கள் சிலர் திருடனோடு கூட்டுச் சேர்ந்து கடைகளில் கொள்ளையடித்தது வெளியாயிற்று. வேலியே பயிரை மேய்ந்த கதை! புதிய தலைவரைத் தேடும் பணிக்குழுவுக்கு வில்சனைத் தலைமை தாங்க அழைத்தார்கள். குழு தேடிப் பார்த்து, கடைசியில் அவரையே தேர்ந்தெடுத்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அமெரிக்காவின் மிகப் பெரிய காவல் படைகளுள் ஒன்றுக்குத் தலைவரானார். ஏழாண்டுகள் பணியாற்றினார். நிர்வாகம் சீர்பட்டது. ஆனால் அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டே, 1968 ஆகஸ்டில், அதே சிக்காகோக் காவலர்கள் அரசியல் மாநாட்டின்போது திரண்ட இளைஞர்களை அடித்து நொறுக்கியதை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. கற்ற தலைவர் ஒருவர் வந்தால் மட்டும் போதாது. கற்றது அமைப்பில் ஊற வேண்டும் என்பது அதன் பாடம்.

இதற்கிடையில் சிந்தனையிலும் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1950களில் அமெரிக்க வழக்கறிஞர் அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் காவலர்களோடு தெருவில் நடந்து, வழக்கறிஞர் அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் அமர்ந்து, அன்றாடம் நடப்பதை எழுதினார்கள். அவர்கள் கண்டது என்ன? சட்டப் புத்தகத்தில் உள்ளபடி எதுவும் தானாக நடப்பதில்லை. யாரைக் கைது செய்வது, யாரை விடுவது, எந்த வழக்கைத் தொடர்வது, எதைப் பேசி முடிப்பது என்று ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் தம் விருப்புரிமையைக் கொண்டு முடிவு செய்கிறார். ஒரு படியில் எடுத்த முடிவு அடுத்த படியை அழுத்துகிறது. காவலர் கூடுதலாகக் கைது செய்தால் நீதிமன்றம் திணறுகிறது. நீதிமன்றம் திணறினால் விசாரணைக் கைதிகளால் சிறை நிரம்புகிறது. ஆகவே காவல், நீதிமன்றம், சிறை மூன்றையும் ஒரே சங்கிலியின் வளையங்களாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது.

இந்த எண்ணத்தின் மேல் எழுந்ததே நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் 1968இல் மாணவர்களைச் சேர்த்த நீதி நிர்வாகப் பள்ளி. இத்துறையின் பெயரிலேயே டாக்டர் பட்டம் வழங்குவதில் அதுவே முன்னோடி. பாடங்களை அங்கே நான்காகப் பகுத்தார்கள். குற்றம் ஏன் நிகழ்கிறது என்பது ஒன்று. சட்டமும் சமுதாயக் கட்டுப்பாடும் என்பது இரண்டாவது. கைது முதல் விடுதலை வரையிலான நடைமுறை மூன்றாவது. இந்த அமைப்பைத் திட்டமிட்டு மாற்றுவது எப்படி என்பது நான்காவது. துப்பாக்கி சுடுவதும் கைரேகை எடுப்பதும் அந்தப் பட்டியலில் இல்லை. அவை பயிற்சிக் கூடத்தில் கற்பவை. பயிற்சி ஒரு வேலையைச் சரியாகச் செய்யக் கற்பிக்கிறது. அந்த வேலை சரியானதுதானா என்று கேட்கக் கற்பிப்பது கல்வி. தலைவருக்கு இரண்டாவது இல்லாமல் தீராது.

1965இல் அதிபர் ஜான்சன் நியமித்த ஆணைக்குழு 1967இல் தன் அறிக்கையை அளித்தது. காவலர் அனைவரும் காலப்போக்கில் பட்டதாரிகளாக வேண்டும். மேற்பார்வை, தலைமைப் பதவிகளுக்கோ அந்தத் தகுதியை உடனடியாக விதிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. மறு ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது. காவலர்களும் சிறை அதிகாரிகளும் படிப்பதற்கு அரசு கடனும் உதவித்தொகையும் வழங்கியது. 1969இல் ஐந்நூறுக்கும் குறைவான கல்வி நிறுவனங்களே இதில் பங்கு பெற்றன. 1975 வாக்கில் அந்த எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது.

மழை கொட்டினால் பயிரோடு களையும் வளரும். பல கல்லூரிகள் பணத்துக்காகவே பாடங்களைத் திறந்தன. ஓய்வு பெற்ற அதிகாரிகள் தங்கள் பழைய கதைகளையே பாடமாக நடத்தினார்கள். பயிற்சிக் கூடத்தில் சொன்னதே வகுப்பறையில் திரும்பச் சொல்லப்பட்டது. முடிவில் சான்றிதழ் கிடைத்தது. 1978இல் லாரன்ஸ் ஷெர்மன் என்னும் ஆய்வாளர் ஓர் ஆய்வுக் குழுவுடன் இணைந்து வெளியிட்ட நூல் இந்தக் குறையைத் துணிந்து எடுத்துக் காட்டியது. பட்டம் பெற்றவர்கள் பெருகினார்கள். கேள்வி கேட்பவர்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

கேள்வி கேட்ட இடத்தில் என்ன நடந்தது? பெர்க்லிப் பள்ளியில் 1960களின் இறுதியில் ஒரு புதிய தலைமுறை வந்து சேர்ந்தது. தெருத் திருடனைப் பற்றி மட்டும் படிக்கிறோமே, அதிகாரத்தில் இருப்பவரின் குற்றத்தை யார் படிப்பது என்று அவர்கள் கேட்டார்கள். காவலரின் வன்முறையையும் இன வேற்றுமையையும் ஆராய்ந்தார்கள். வளாகம் கொந்தளித்தது. கல்வித் தரம் போதவில்லை என்றது பல்கலைக்கழக நிர்வாகம். அரசியல் காரணத்துக்காகவே எங்களை ஒடுக்குகிறார்கள் என்றார்கள் மாணவர்கள். 1976இல் பள்ளி மூடப்பட்டது. வோல்மர் விதைத்து, வில்சன் நீரூற்றிய மரம், ஊன்றிய மண்ணிலேயே வெட்டப்பட்டது. அதன் விதைகளோ அதற்கு முன்பே நாடெங்கும் பரவியிருந்தன.

அந்த விதைகளில் ஒன்று முளைத்த கதையைச் சொல்லி முடிக்கிறேன். காவல் வண்டிகள் தெருத் தெருவாகச் சுற்றி வந்தாலே குற்றம் குறையும் என்பது வில்சன் தம் நூல்களில் வற்புறுத்திய கொள்கை. அதை யாரும் ஐயுற்றதில்லை. மிசூரி மாநிலத்துக் கான்சஸ் சிட்டியின் காவலர்களே ஒருநாள் தங்களுக்குள் கேட்டார்கள்: 'நாம் சுற்றுவதால் உண்மையிலேயே பயன் உண்டா?' அவர்களின் தலைவர் கிளாரன்ஸ் கெல்லி, சட்டப் பட்டம் பெற்றவர், சோதித்துப் பார்க்க இசைந்தார். 1972 அக்டோபர் முதல் ஓராண்டுக் காலம், 15 வட்டாரங்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் ரோந்தை நிறுத்தி, அழைத்தால் மட்டும் சென்றார்கள். ஐந்தில் இரண்டு, மூன்று மடங்காக்கினார்கள். ஐந்தில் வழக்கம் போல் விட்டார்கள். ஆண்டு முடிவில் குற்ற எண்ணிக்கையிலும் மக்களின் அச்சத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை!

இந்தச் சோதனையிலும் குறைகள் கண்டவர்கள் உண்டு. குற்றம் மிகுந்து நடக்கும் குறிப்பிட்ட இடங்களில் காவலைக் குவித்தால் பயன் கிடைக்கிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. முடிவைவிடச் சோதித்த துணிவே பெரிது. ஆசான் சொன்னதை மாணவர்கள் ஆராய்ந்து மறுத்தார்கள். ஆசானுக்கு அதைவிடச் சிறந்த காணிக்கை வேறு உண்டோ? சிக்காகோவில் வில்சனுக்கு உதவியாளராயிருந்த ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். எத்தனை பேரைக் கைது செய்தோம் என்று எண்ணாதீர்கள். மக்களின் எந்தச் சிக்கல் தீர்ந்தது என்று கேளுங்கள் என்று 1979இல் வழிகாட்டினார். பல நாட்டுக் காவல் துறைகள் அவ்வழியைப் பின்பற்றுகின்றன.

நேயர்களே, இப்படிப்பைத் தேர்ந்தெடுக்க எண்ணும் இளைஞர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களைப் பெற்றவர்களும் கேட்டுக்கொண்டிருக்கலாம். பட்டம் பதவி உயர்வுக்கு உதவும் என்பது உண்மையே. ஆனால் அதற்காக மட்டும் படித்தால், சுவரில் மாட்டச் சட்டம் போட்ட ஒரு காகிதம் மிஞ்சும். சேரப் போகும் கல்லூரியைப் பற்றி விசாரிக்கும்போது, 'இங்கே நாங்கள் செய்வதைச் சோதித்துப் பார்க்கக் கற்றுத் தருவீர்களா?' என்று கேளுங்கள். பதவியில் அமர்ந்த பின், உங்கள் கட்டளையால் ஒரு மனிதன் கம்பிக்குப் பின்னால் போகும்போது, அதே கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்தா-மாத்தா ஊரைப் பார்க்கும் கண். தன்னையும் பார்த்துக்கொள்ள அந்தக் கண்ணுக்குக் கற்பிப்பதே இந்தக் கல்வி.